பிய்ந்த எலும்பு, தடம் மாறிய ஆறு, கரை மாறிய நிலம்: அவல்ஷன் பற்றி ஒரு விவாத இழை

நீரோட்டம்

வணக்கம் நண்பர்களே. புவியியல் படித்த காலத்திலிருந்து 'அவல்ஷன்' என்றால் எனக்கு ஆறுதான் ஞாபகம் வரும். ஓடிக்கொண்டிருந்த தடத்தைக் கைவிட்டு, சமவெளியின் குறுக்கே ஆறு வேறு தடம் பிடிப்பது. இப்போது என் மகனுக்கு எடுத்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் அதே சொல் இருக்கிறது: இடுப்பெலும்பின் முன்பக்க முனையில் அவல்ஷன் ஃபிராக்சர். பையனுக்கு 15 வயது. யாரும் இடிக்கவில்லை, கீழே விழவும் இல்லை. ஓட்டப் பயிற்சியில் வேகம் எடுத்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கால் ஊன்ற முடியவில்லை.

தேடிப் பார்த்ததில் நிலச் சட்டத்திலும் இந்தச் சொல் இருக்கிறது என்று தெரிந்தது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது 'திடீரென்று நடப்பது' என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெதுவாகத் தேய்ந்தால் வேறு பெயர், ஒரேயடியாகப் பிய்ந்தால் அவல்ஷன். அந்தந்தத் துறையில் இருப்பவர்கள் இதை ஒப்புக்கொள்கிறீர்களா? விழாமலே எலும்பு எப்படி உடையும் என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

தசைநாண்

எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். முதலில் உங்கள் கவலைக்குப் பதில்: வளரும் பிள்ளைகளுக்கு வரும் இந்த வகை முறிவு பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே நன்றாக ஆறிவிடும்.

தசை பெரும்பாலும் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் தசைநாண் இருக்கிறது. அந்த நாண் பிடித்திருக்கும் இடத்தில், வளரும் வயதில், இன்னும் முழுசாக எலும்பாகாத ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கும். பெரியவர்களுக்கு அதே இழுப்பு வந்தால் தசையோ நாணோ கிழியும். 14, 15 வயதில் நாண் குருத்தெலும்பைவிட வலுவானது. அதனால் நாண் அறுவதில்லை, அது பிடித்திருக்கும் எலும்புத் துண்டைத் தன்னோடு பிய்த்துக்கொண்டு போகிறது. விழ வேண்டிய அவசியமே இல்லை, சொந்தத் தசையின் இழுப்பே போதும்.

வேகம் எடுக்கும்போது சார்டோரியஸ் என்ற நீளத் தசை இடுப்பின் முன்முனையைப் பிய்க்கும், உங்கள் மகனுக்கு நடந்தது அநேகமாக அதுதான். பந்தை ஓங்கி உதைக்கும்போது அதற்குக் கொஞ்சம் கீழே உள்ள முனை பிய்யும். தடை தாண்டும் ஓட்டத்தில், காலை அகட்டும்போது, உட்காரும் எலும்பின் அடிமுனை பிய்யும். அங்கே பிடித்திருப்பவை தொடையின் பின்பக்கத் தசைகள். துண்டு அதிகம் விலகாவிட்டால் ஓய்வு, ஊன்றுகோல், அப்புறம் படிப்படியாகப் பயிற்சி. சுமார் 2 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் அறுவை பற்றி யோசிப்போம். வலி போய்விட்டது என்று மறுபடி சீக்கிரமாக ஓடவிடாதீர்கள். வலி போவதும் எலும்பு கூடுவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல.

இன்னொன்று, துண்டின் அளவை வைத்துச் சேதத்தை எடைபோடக் கூடாது. முழங்காலின் வெளிப்பக்க விளிம்பில் நெல் அளவுக்கு ஒரு சில்லு பிய்ந்திருந்தால் செகாண்ட் முறிவு என்போம். படத்தில் ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். ஆனால் அந்தச் சில்லு இருந்தால் மூட்டுக்குள்ளே முன் குறுக்குத் தசைநாரும் பெரும்பாலும் அறுந்திருக்கும். சில்லைப் பார்த்ததும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வது அதனால்தான்.

சுழி

ஆற்றுப் படிவங்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். நீரோட்டம் சொன்ன 'திடீர்' என்பதோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆற்றைப் பொறுத்தவரை திடீர் என்பது கடைசி நாள் மட்டும்தான். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளைப் பார்க்காமல் விட்டால் காரணமே பிடிபடாது.

ஆறு வெள்ளத்தில் கரை மீறும்போது பருமணலைக் கரையோரத்திலேயே போட்டுவிட்டு, நுண்மண்ணைத் தூரமாகக் கொண்டுபோகும். இப்படிக் கரை தானாகவே உயர்கிறது. படுகையிலும் வண்டல் தங்கி, அதுவும் உயர்கிறது. காலப்போக்கில் ஆறு சுற்றியுள்ள சமவெளியைவிட மேட்டில், ஒரு முதுகின்மேல் ஓடத் தொடங்குகிறது. ஏறக்குறைய தன் ஆழத்தின் அளவுக்கு அந்த முதுகு உயர்ந்துவிட்டால் ஆறு தடம் மாறத் தயார் என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் பள்ளம் இருக்கிறது, கடலுக்குப் போக அந்த வழி சரிவும் கூடுதல். ஒரு சாதாரண வெள்ளமே போதும், கரையில் ஓர் உடைப்பு விழும், தண்ணீர் பழைய தடத்துக்குத் திரும்பாது.

2008 ஆகஸ்ட் 18-ல் கோசி ஆறு நேபாளத்தின் குசஹா அருகே கரையை உடைத்தது. அன்றைக்கு ஆற்றில் வந்த தண்ணீர் வினாடிக்கு சுமார் 1.44 லட்சம் கன அடி. அணைக்கட்டும் கரைகளும் 9.5 லட்சம் கன அடிக்காக வடிவமைக்கப்பட்டவை. அதாவது தாங்க வேண்டியதில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை. 1950-களின் கடைசியிலிருந்து இரண்டு பக்கமும் கரை கட்டி ஆற்றை அடைத்தபின், இமயத்திலிருந்து வந்த மணலும் அந்தக் கரைகளுக்குள்ளேயே தங்கிப் படுகை உயர்ந்துகொண்டே போனது. உடைந்தபின் ஆறு கிழக்கே ஏறக்குறைய 120 கி.மீ. தள்ளி, பல தலைமுறைகளுக்கு முன் கைவிட்ட பழைய தடங்களில் பாய்ந்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஊர்களில் இருந்தவர்களுக்கு வெள்ளம் என்றால் என்னவென்றே பழக்கமில்லை, அவர்கள் இருந்தது ஆற்றங்கரையிலேயே இல்லை. இதை 'திடீர் இயற்கைச் சீற்றம்' என்று எழுதிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வருஷா வருஷம் மேடாகிக்கொண்டிருந்த ஒன்று அது.

புல்வெளி

நான் எந்தத் துறையும் இல்லை, வாசிக்கிறவன். சுழி, கடைசி நாளாவது திடீர்தானே? அதை அவல்ஷன் என்று சொல்வதில் என்ன தப்பு?

சுழி

தப்பில்லை, ஆனால் எல்லா நேரமும் அப்படி நடப்பதில்லை. வங்கதேசத்தில் பிரம்மபுத்திரா பழைய தடத்திலிருந்து ஜமுனா என்ற இன்றைய தடத்துக்கு மாறியதை எடுத்துக்கொள்ளுங்கள். 1787 வெள்ளத்தில் தீஸ்தா ஆறு திசைமாறிப் பிரம்மபுத்திராவில் வந்து சேர்ந்ததற்கு அதில் பங்கு உண்டு என்பார்கள். ஆனால் முழு மாற்றம் முடியப் பல பத்தாண்டுகள் ஆயின. இரண்டு தடத்திலும் தண்ணீர் ஓடி, புதியது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, பழையது இளைத்தது. நாங்கள் அதையும் அவல்ஷன் என்றே சொல்கிறோம். வேகம் எங்களுக்கு முக்கியமில்லை, ஆறு தடத்தைக் கைவிட்டதா என்பதுதான் முக்கியம்.

மஞ்சள் ஆறு இதற்கு நேர் எதிர். 1855-ல் டோங்வாஷியாங் என்ற இடத்தில் கரை உடைந்து, ஷாண்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு வடக்கே போஹாய் கடலுக்குப் போய்விட்டது. கழிமுகம் சில நூறு கிலோமீட்டர் இடம் மாறியது. 1938-ல் ஜப்பானியப் படையைத் தடுக்க ஹுவாயுவான்கோ அருகே சீன அரசே கரையை உடைத்தது, ஆறு தென்கிழக்கே பாய்ந்து பல லட்சம் பேரை அழித்தது. உடைப்பை அடைத்து ஆற்றைப் பழைய தடத்துக்குக் கொண்டுவந்தது 1947-ல். மனிதர் ஒரு பேராற்றை அப்படித் திருப்பி வைத்தது அபூர்வம். கோசியையும் 2009 தொடக்கத்தில் உடைப்பை அடைத்துத் திருப்பினார்கள். ஆனால் படுகை அதே உயரத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் இன்றும் இந்தப் போராட்டம் நடக்கிறது. அட்சஃபலயா என்ற கிளை ஆற்றின் வழியாகப் போனால் கடல் மிகவும் கிட்டம், ஆறு அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. அப்படிப் போய்விட்டால் பேட்டன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸ் இரண்டும் கைவிடப்பட்ட தடத்தின் ஓரத்தில் நிற்கும். 1963-ல் நீரைப் பிரித்துவிடும் ஓல்டு ரிவர் கட்டமைப்பு முடிந்ததிலிருந்து நீரில் 30 விழுக்காட்டை மட்டும் அந்தப் பக்கம் விடுகிறார்கள். 1973 வெள்ளத்தில் அடித்தளம் அரித்துப்போய், கட்டமைப்பு கவிழும் நிலைக்கு வந்தது. அதற்கப்புறம்தான் 1986-ல் துணைக் கட்டமைப்பு.

வரப்பு

நிலத் தகராறு வழக்குகள் நடத்துகிறேன். மூன்றாவது அர்த்தத்தை நான் சொல்கிறேன்.

ஆறு எல்லையாக இருக்கும் நிலத்தில் அடிப்படை விதி இதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவில் வண்டல் சேர்ந்து நிலம் வளர்ந்தால், வளர்ந்தது கரைக்காரருக்கு. எல்லையும் ஆற்றோடு நகரும். அதுவே ஆறு ஒரேயடியாக வேறு பக்கம் தாவினால், எல்லை நகராது. பழைய தடத்திலேயே நிற்கும், ஆறு அங்கே இல்லாவிட்டாலும்.

இந்த விதி மிகப் பழையது. கி.பி. 533-ல் ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூலிலேயே இருக்கிறது: ஆற்றின் வேகம் உன் நிலத்தில் ஒரு துண்டைப் பிய்த்துப் பக்கத்து நிலத்தில் சேர்த்தால், அது உன்னுடையதாகவே இருக்கும். ஆனால் நெடுங்காலம் அங்கேயே ஒட்டிக் கிடந்து, அதோடு வந்த மரங்கள் பக்கத்து நிலத்தில் வேர்விட்டுவிட்டால், அப்போதிலிருந்து அது பக்கத்துக்காரருடையது. வங்காளத்தில் 1825-ல் வந்த 11-வது ஒழுங்குமுறைச் சட்டமும் இதே திசைதான். ஆறு கணிசமான ஒரு துண்டைப் பிரித்து வேறு எஸ்டேட்டோடு சேர்த்தாலும், அந்தத் துண்டு இன்னதென்று தெளிவாக அடையாளம் காண முடிகிறவரை பழைய உரிமையாளருக்கே என்றது.

அந்த 'அடையாளம்' என்பதைக் கவனியுங்கள். நீரோட்டம், சட்டம் கடிகாரத்தை மட்டும் பார்க்கவில்லை. பிய்ந்து வந்தது இன்னும் அதே நிலம்தானா என்று பார்க்கிறது.

1892-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த நெப்ராஸ்கா - அயோவா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அந்த இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையான மிசௌரி, மிக வேகமாகக் கரையைத் தின்னும் ஆறு. பெரிய பெரிய துண்டாகக் கரை சரிந்து தண்ணீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். 'இவ்வளவு வேகமாக நடப்பதை மெல்லச் சேர்வது என்று எப்படிச் சொல்வீர்கள்?' என்பது வாதம். நீதிமன்றம் ஒப்பவில்லை. கரை இடிவது நொடியில் நடக்கலாம், ஆனால் இடிந்த மண் தண்ணீரில் கரைந்துவிடுகிறது, எதிர்க்கரையில் சேர்வது துகள் துகளாகத்தான், எந்த மண் எங்கிருந்து வந்தது என்று யாராலும் காட்ட முடியாது, ஆகவே அது வண்டல் சேர்க்கைதான் என்றது. ஆனால் அதே ஆறு 1877-ல் ஒரு வளைவின் கழுத்தை வெட்டிக்கொண்டு நேராகப் பாய்ந்தது. வளைவுக்குள்ளே இருந்த நிலம் அப்படியே, கரையாமல், அதே இடத்தில் இருந்தது. அது அவல்ஷன், எல்லை பழைய வளைவிலேயே நிற்கும் என்று தீர்ப்பு. அதனால்தான் கார்ட்டர் லேக் என்ற ஊர் இன்றும் அயோவாவைச் சேர்ந்தது, ஆற்றுக்கு நெப்ராஸ்கா பக்கம் ஒமாஹா நகரத்தை ஒட்டி இருந்தும்.

சுழி

வரப்பு அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். வளைவின் கழுத்து வெட்டப்படுவதை எங்கள் துறையில் அவல்ஷன் என்று பொதுவாகச் சொல்லமாட்டோம். அது வளைவு வெட்டு, மிஞ்சுவது குதிரைக் குளம்பு ஏரி. ஆறு அதே பள்ளத்தாக்குத் தடத்தில்தான் தொடர்கிறது, கொஞ்சம் குறுக்கு வழி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். சட்டத்தில் இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள்.

வரப்பு

உண்மைதான் தம்பி. எங்களுக்கு இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: நடுவில் மாட்டிக்கொண்ட நிலம் கரைந்துபோய் மறுபடி உருவானதா, இல்லை கரையாமல் இருந்த நிலத்தைச் சுற்றி ஆறு இடம் மாறியதா? இதை நிரூபிக்கிற பாரம் அவல்ஷன் என்று சொல்கிறவர் மேல் விழும். சாட்சி இல்லாவிட்டால் மெல்லச் சேர்ந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

சாட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மரம். தகராறு நிலத்தில் நிற்கும் மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்ப்பது. ஆறு அந்த இடத்தைக் கடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு முன்பே முளைத்த மரம் அங்கே உயிரோடு நின்றால், ஆறு அந்த மண்ணைத் தின்னவில்லை என்று அர்த்தம். பழைய வேலி, கிணறு, சர்வே கல் எல்லாம் இதே வேலையைச் செய்யும். வாய்ச்சாட்சி பத்துப் பேர் சொல்வதைவிட ஒரு கிணற்றின் உறை அதிகம் பேசும்.

இப்படிப்பட்ட சாட்சி இல்லாமல் இரண்டு நாடுகள் ஒரு நூற்றாண்டு சண்டை போட்டதும் உண்டு. அதுதான் சமிசால். அமெரிக்காவின் எல் பாசோ நகரத்துக்கும் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ் நகரத்துக்கும் நடுவில் எல்லையாக ஓடுவது ரியோ கிராண்டே ஆறு. 1852-ல் அந்த எல்லையை அளந்தார்கள். அதிலிருந்து ஆறு தெற்கே நகர்ந்துகொண்டே போக, மெக்சிகோவின் பக்கம் இருந்த சுமார் 600 ஏக்கர் வடகரைக்கு வந்துவிட்டது. 1864-ல் ஒரு பெரிய வெள்ளமும் வந்தது. மெல்ல நகர்ந்தது, எங்களுடையது என்றது அமெரிக்கா. வன்மையாக நகர்ந்தது, எல்லை பழைய இடம்தான் என்றது மெக்சிகோ. 1911-ல் நடுவர் குழு, 1864 வெள்ளத்துக்கு முன் சேர்ந்தது அமெரிக்காவுக்கு, அதற்கப்புறம் போனது மெக்சிகோவுக்கு என்று பிரித்துச் சொன்னது. 1864-ல் ஆறு எங்கே ஓடியது என்று யாராலும் இடம் காட்ட முடியாது என்பதும் அமெரிக்கா அந்தத் தீர்ப்பை மறுத்ததற்கு ஒரு காரணம். 1963 உடன்படிக்கையில்தான் முடிந்தது. ஆற்றையே கான்கிரீட் கால்வாயில் போட்டு அசையாமல் ஆக்கினார்கள். அதற்காக எல் பாசோவில் 5,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் யாரும் ஆற்றை நகர்த்தியவர்கள் இல்லை.

வெண்முத்து

பல் மருத்துவர். இந்த இழையில் பல் வராமல் போகக் கூடாது, ஏனென்றால் பொதுமக்கள் தாங்களே செய்ய வேண்டிய ஒரே அவல்ஷன் சிகிச்சை எங்களுடையது.

அடிபட்டுப் பல் வேரோடு முழுசாக வெளியே வந்துவிட்டால் அது பல் அவல்ஷன். வரப்பு சார் சொன்ன 'இன்னும் அதே நிலம்தானா' என்ற கேள்வியைப் படித்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. நாங்களும் அதைத்தான் கேட்கிறோம். பல்லின் வேர்மேல் மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது, பல்லைத் தாடை எலும்போடு கட்டி வைப்பது அதுதான். பல் விழும்போது அந்தப் படலம் பாதி எலும்பிலும் பாதி வேரிலும் கிழிந்து நிற்கும். வேரில் ஒட்டியிருக்கும் செல்கள் உயிரோடு இருந்தால், திருப்பி வைத்த பல் பழையபடி பிடித்துக்கொள்ளும்.

ஆகவே: பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாக இருக்கும் தலைப்பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். அழுக்கு இருந்தால் பால், உப்புநீர்க் கரைசல், அல்லது அடிபட்டவரின் எச்சிலில் மெதுவாக அலசுங்கள். தேய்க்கவே கூடாது, சோப்பும் கூடாது. உடனே குழிக்குள் திருப்பி வைத்து, ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லி மருத்துவரிடம் ஓடுங்கள். வைக்க முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டு வாருங்கள். காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வருகிறார்கள், அப்படி உலர்வதுதான் பல்லைக் கொல்கிறது. வெளியே உலர்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் அந்தச் செல்கள் பிழைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பால் பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்க வேண்டாம், கீழே முளைத்துக்கொண்டிருக்கும் நிலைப் பல்லுக்குச் சேதம் ஆகும்.

புல்வெளி

டாக்டர், ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் பல்லைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?

வெண்முத்து

இல்லை, அப்போதும் பெரும்பாலும் திருப்பி வைப்போம். அந்த இடத்து எலும்பு கரையாமல் இருக்கும், தோற்றமும் கெடாது. ஆனால் முடிவு வேறு மாதிரி இருக்கும். நார்ப்படலம் இறந்துவிட்டதால், தாடை எலும்பு வேரோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆண்டுக்கணக்கில் எலும்பு வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். வெளியே பார்த்தால் பல் உறுதியாக நிற்கும், தட்டிப் பார்த்தால் உலோகம் மாதிரி ஒரு ஓசை வரும். எக்ஸ்ரேயில் வேர் எங்கே முடிகிறது, எலும்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ரோமானியர் சொன்ன 'வேர்விட்ட மரம்' விதி எனக்கு இங்கே கண்முன் நிற்கிறது: ஒரு கட்டத்துக்கு மேல் அது பல் இல்லை, எலும்பின் சொத்து.

தசைநாண்

வெண்முத்து சொன்ன நேரக் கணக்கு எங்களிடமும் உண்டு. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டால், கைக்குப் போகும் ஐந்து நரம்பு வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வந்துவிடலாம். அவல்ஷன்களில் மிகக் கொடியது இதுதான் என்பது என் கருத்து. வெட்டுப்பட்ட நரம்பின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்கலாம். தண்டுவடத்திலிருந்து பிய்ந்ததைத் தைக்க மறுமுனை இல்லை. கை அசையாது, உணர்ச்சி இருக்காது, ஆனால் எரிகிற மாதிரி வலி மட்டும் இருக்கும்.

அதனால் வேறு நரம்பைக் கடன் வாங்குகிறோம். முழங்கையின் உட்புறம் போகும் அல்னார் நரம்பிலிருந்து ஓர் இழையைப் பிரித்து முழங்கையை மடக்கும் தசைக்கு இணைக்கும் முறையை ஓபெர்லின் என்ற மருத்துவர் 1994-ல் வெளியிட்டார். அது பலருக்குக் கையை வாய்வரை கொண்டுபோகும் வலுவைத் திருப்பித் தந்திருக்கிறது. ஆனால் நரம்பு இல்லாமல் தசை காத்திருக்கும் காலத்துக்கு எல்லை உண்டு. ஆறு மாதத்துக்குள் செய்தால் நல்லது, ஓர் ஆண்டுக்கு மேல் போனால் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை ஏற்காது. 'தானாகச் சரியாகும், பொறுத்திருங்கள்' என்று யாராவது சொன்னதைக் கேட்டுத் தாமதமாக வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்காது. தோள்பட்டை அடிபட்டுக் கை தூக்க முடியாமல் இருந்தால், கண் இமையும் தொங்கிக் கருவிழிப் பாவை சுருங்கியிருந்தால், உடனே நிபுணரிடம் போங்கள். கண்ணில் தெரியும் அந்த மாற்றம், வேர் பிய்ந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம்.

மோதிரம் எங்காவது மாட்டி விரல் இழுபட்டாலும் இதே பிய்ப்புதான். தோல் உறை கழற்றுவதுபோல் உரிந்து வரும். கத்தியால் அறுந்த விரலைவிட இப்படிப் பிய்ந்த விரலைத் திருப்பி ஒட்டுவது கடினம், ரத்தக் குழாய் நீளத்துக்கும் இழுபட்டுச் சேதமாகியிருக்கும். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். துண்டு ஐஸில் நேரடியாகப் படக் கூடாது.

நீரோட்டம்

இவ்வளவு விரிவான பதில்கள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை, அனைவருக்கும் நன்றி. பையனுக்குத் துண்டு அதிகம் விலகவில்லை, ஊன்றுகோல் போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

பல்லுக்கு ஒரு மணி, நரம்புக்கு மாதங்கள் என்றால், நிலத்துக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறதா வரப்பு சார்? ரோமானியர் சொன்ன 'நெடுங்காலம்' என்பது எவ்வளவு?

வரப்பு

பிற்காலச் சட்டங்கள் எண்ணையே போட்டுவிட்டன. பிரெஞ்சு சிவில் சட்டம் 559-வது பிரிவில், பிய்ந்த துண்டு கணிசமாகவும் அடையாளம் காணத்தக்கதாகவும் இருந்தால் உரிமையாளர் ஓர் ஆண்டுக்குள் கோர வேண்டும். ஆண்டு தாண்டினால் முடியாது, பக்கத்துக்காரர் இன்னும் அதை அனுபவத்தில் எடுக்காமல் இருந்தால் தவிர. அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சட்டமும் கிட்டத்தட்ட இப்படியே. பிலிப்பைன்ஸில் துண்டை அப்புறப்படுத்த இரண்டு ஆண்டு. வெள்ளம் வேரோடு அடித்துக்கொண்டு வந்த மரங்களுக்கு ஆறு மாதம்.

மனிதர் செய்ததும் சில நேரம் அவல்ஷன் ஆகிவிடும். புளோரிடாவில் புயல் அரித்த கடற்கரையில் அரசு மணல் கொட்டி அகலப்படுத்தியது. கடலைத் தொட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அரசுக்குச் சொந்தமான ஒரு மணல் பட்டை வந்துவிட்டது. வழக்கு 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. திடீரென்று தோன்றிய நிலம் அவல்ஷன், அது கடலடி நிலத்துக்குச் சொந்தக்காரரான அரசுக்கே, வீட்டுக்காரர்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை என்று முடிந்தது. சட்டத்தின் தர்க்கம் சரி. ஆனால் கொட்டுகிறவரும் பலன் பெறுகிறவரும் ஒருவராகவே இருக்கும்போது, புயலுக்கு எழுதிய விதியை அப்படியே பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புல்வெளி

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. துண்டு பிய்ந்து போனால் திரும்பக் கேட்கலாம், சரி. ஆறு மொத்தமாகத் தடம் மாறி என் வயலின் நடுவே ஓட ஆரம்பித்தால் நான் யாரிடம் எதைக் கேட்பது? பிய்ந்து போக அங்கே ஒன்றுமே இல்லையே, வயல் இருந்த இடத்தில் ஆறு ஓடுகிறது.

வரப்பு

நல்ல கேள்வி. லூசியானாவில் 504-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. கப்பல் போகும் ஆறு பழைய படுகையை விட்டுப் புதுப் படுகை எடுத்தால், யாருடைய நிலத்தில் புதுப் படுகை விழுந்ததோ அவர்கள் இழப்பீடாகப் பழைய படுகையை எடுத்துக்கொள்ளலாம், இழந்த அளவுக்கு ஏற்ற விகிதத்தில். ஆறு உன் வயலை எடுத்துக்கொண்டது, அது விட்டுப்போன இடத்தை நீ எடுத்துக்கொள் என்பது. நிலச் சட்டத்தில் நான் படித்த நியாயமான விதிகளில் இது முதல் வரிசையில் வரும்.

சுழி

அண்ணா, தாளில் நியாயமாக இருக்கிறது. ஆனால் கைவிடப்பட்ட படுகை எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்திருக்கிறேன். ஆறு பிரிந்த மேல்முனையில் மணல் அடைத்துக்கொள்ளும், அங்கே புல்லே தயங்கித்தான் முளைக்கும். கீழே போகப் போகத் தேங்கிய நீர், களிமண், நாணல். நல்ல வயல் ஆக எத்தனை காலம் ஆகும் என்று சொல்ல முடியாது. கோசி வெள்ளம் வடிந்தபின் வயல்களில் கிடந்த மணலை அள்ளிப் போடவே உழவர்களுக்குப் பெரும் பாடாக இருந்தது, அது படுகைகூட இல்லை, வெள்ளம் தொட்டுப்போன நிலம். வண்டல் வயலை இழந்தவருக்கு அதே பரப்புக்கு மணல் படுகை கொடுத்தால் அது இழப்பீடு ஆகாது. அதோடு, அந்தப் படுகை அவர் வீட்டிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, யாரோ ஒருவருடைய இரண்டு வயல்களுக்கு நடுவில் கிடக்கும்.

வரப்பு

கடைசியில் சொன்னதற்குப் பிலிப்பைன்ஸ் சட்டத்தின் 461-வது பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கேயும் பழைய படுகை வயலை இழந்தவருக்குத்தான் போகும். ஆனால் பழைய படுகையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் விலை கொடுத்து அதை வாங்கிக்கொள்ளலாம், அந்த விலை புதுப் படுகை எடுத்துக்கொண்ட நிலத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது. ஆக, தூரத்தில் கிடக்கும் மணலுக்குப் பதிலாக இழந்தவர் கைக்குப் பணம் வர வாய்ப்பு உண்டு. ஆனால் ஒட்டியிருப்பவர் வாங்க விரும்பினால்தான் அது நடக்கும், வாங்கச் சொல்லி வற்புறுத்த முடியாது. மண்ணின் தரத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பிரிவுகளில் பதில் இல்லை தம்பி, அவை விகிதத்தைப் பரப்பை வைத்துத்தான் பேசுகின்றன. அந்த இடத்தில்தான் உங்கள் மாதிரி ஆட்களின் மண் அறிக்கை வழக்குக் கட்டில் சேர வேண்டும் என்பேன்.